மைக்கில் நான் சொன்னவை

இன்று காலை திண்டிவனத்தில், அண்ணன் வீட்டுச் சமையலறையில், உங்கள் உடையைப் பார்த்தேன் சார். அண்ணி அதை நான்காக மடித்து மிக்ஸிக்கு உறையாகப் போட்டிருந்தார். மஞ்சள் துணியில் கறுப்புச் சிறுத்தைப் புள்ளிகள். ஓரத்தில் நான் கையால் போட்ட தையல் அப்படியே இருந்தது. "நல்ல துணி விஜி, எத்தினி வாட்டி தொவச்சாலும் சாயம் போவல," என்றார் அண்ணி. கொடுத்த காபியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உங்களுக்கு எழுத இதற்கு முன்பும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பெயரை மேலே எழுதுவேன், உடனே அடித்துவிடுவேன். மேடையில் சொல்ல வேண்டியபோது சொல்லாத பெயரை இப்போது காகிதத்தில் எழுதி யாருக்கு என்ன? எங்கள் குழுவில் எல்லாரும் உங்களைக் கூப்பிட்டது போல சார் என்றே எழுதுகிறேன்.

மாசி மகத்தன்று பொம்மையார்பாளையம் கடற்கரையில் எங்கள் மெல்லிசைக் கச்சேரி. அண்ணன் செல்வம் கீபோர்டு, பாபு கிடார், நான் பாட்டு. மாலை வெயில் இறங்கும் நேரத்தில் கூட்டம் மேடையை விட்டு வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். மேடையின் ஓரத்தில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கட்டுமாக, உயரமான முதியவர் ஒருவர் நின்றிருந்தார். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் பாபுவின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாட்டு முடிந்ததும் கையை நீட்டிக் கிடாரைக் கேட்டீர்கள். பாபு பயந்து போய்க் கொடுத்துவிட்டான்.

கட்டைவிரலில் தாளமும் ஆள்காட்டி விரலில் ராகமுமாக நீங்கள் வாசித்தது இரண்டு பேர் வாசிப்பது போலிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். யாரும் சொல்லாமலே ஆட்டம் ஆரம்பித்தது. முடிந்ததும், கல்லூரியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நீங்கள் யார் என்று கேட்டேன். காற்று மட்டுமே வரும் குரலில், "நான் பாடகன், சிஸ்டர்," என்றீர்கள். நானும்தான் என்றேன். சிரித்தீர்கள். தொண்டையில் புற்று. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அறுவை முடிந்து, கதிர்ச் சிகிச்சைக்காகக் கோட்டக்குப்பத்தில் கடலோர விடுதி ஒன்றில் தங்கியிருந்தீர்கள். கூட வந்த மகள் பள்ளிக்கூட ஆசிரியை. விடுப்பு முடிந்து கானாவுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அதன்பிறகு திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஒத்திகை அறைக்கு வர ஆரம்பித்தீர்கள். சில நாள் நானே கோட்டக்குப்பத்துக்கு வந்து உங்களை பஸ் ஏற்றிக் கூட்டி வருவேன். அந்தப் பயணங்களில்தான் உங்கள் கதை துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது. பிறந்தது ஒரு மீனவர் ஊர். முதல் கிடாருக்கு நரம்பு, அப்பாவின் தூண்டில் நூல். லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் வாசித்தீர்கள். இருபது வயதில் சொந்தக் குழு. உங்கள் பாட்டு ஒன்று இல்லாமல் அங்கே கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை என்று ஆனது. உங்கள் இசைக்கு ஹைலைஃப் என்று ஏன் பெயர் என்று கேட்டேன். பெரிய மனிதர்களின் நடன மண்டபத்துக்குள் போக முடியாமல் வாசலில் நின்று கேட்டவர்கள் வைத்த பெயர் என்றீர்கள். "உள்ளே ஆடியவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, வெளியே நின்றவர்கள்தான் வைத்தார்கள்."

பிறகு ராணுவ ஆட்சி. இரவில் யாரும் வெளியே வரக் கூடாது என்று உத்தரவு வந்ததும் கச்சேரிகள் செத்தன. குழு கலைந்தது. ஜெர்மனிக்குப் போய் ஹோட்டலில் தட்டுக் கழுவினீர்கள். பதினோரு வருடம் கழித்து ஊர் திரும்பியபோது, நீங்கள் இறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வானொலியில் உங்கள் பாட்டுகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்களாம். நேரே நிலையத்துக்குப் போய் நின்றீர்கள். மறுபடியும் மேடை, மறுபடியும் கூட்டம். அதற்கப்புறம் தொண்டை. உங்கள் போனில் ஒரு பழைய வீடியோ காட்டினீர்கள். கால்பந்து மைதானம் நிறைய ஜனம். நீங்கள் பாடுவதை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புகிறீர்கள். கூட்டம் முழுப் பாட்டையும் பாடி முடிக்கிறது.

அதை அண்ணனிடமும் காட்டினேன். பார்த்துவிட்டு, "அங்க பெரிய ஆளுதான் போலக்குது. இங்க யாருக்குத் தெரியும்?" என்றார்.

முதல் இரண்டு மூன்று கச்சேரிகளில் வெள்ளைச் சட்டையோடு வந்து ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போனீர்கள். கூட்டம் அமைதியாகக் கேட்கவில்லை, ஆடச் சொல்லிக் கத்தியது. விழுப்புரத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு எங்களைப் பேச வந்தவர், ஆப்பிரிக்காக்காரர் கண்டிப்பாக வர வேண்டும், அதற்குத் தகுந்த உடையோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் அன்றைக்கே கடைத்தெருவில் அந்தத் துணியை வாங்கினார். உங்களிடம் சொல்லும் வேலை என்னுடையது. இங்கிலீஷ் தெரிந்தது எனக்குத்தானே.

நான் நேரே சொல்லவில்லை. உங்களைத் திருவாமாத்தூர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அபிராமேசுவரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், வாசல் கடையில் தொங்கிய சிவன் படத்தைக் காட்டினேன். எங்கள் கடவுள் புலித்தோல் உடுத்தியவர், இந்த ஊரில் பெரிய கலைஞர்களை மேடையேற்றும்போது அதே போல உடுத்துவது மரியாதை என்றேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "உங்களுக்கும் அப்படி உடுத்தினார்களா, சிஸ்டர்?" என்று கேட்டீர்கள். பெண்களுக்குக் கிடையாது என்றேன். யோசிக்காமலே வந்தது அந்தப் பதில்.

வரவேற்பு மேடையில் அந்தத் துணியைத் தோளில் முடிந்துகொண்டு, கீழே உங்கள் சொந்த பேன்ட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஷூவுமாக நின்றீர்கள். கிடாரைத் தொடுவதற்கு முன்னால் என் காதருகே குனிந்தீர்கள். "இந்தப் பாட்டு என் மனைவிக்காக எழுதியது. அவளை அடக்கம் செய்த வாரத்தில் எழுதினேன். என் பெயரையும் இதையும் சொல்லிவிட்டு, கொஞ்சம் சத்தம் இல்லாமல் கேட்கச் சொல்லுங்கள்," என்றீர்கள். நான் மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் மாப்பிள்ளையின் நண்பர்கள் நாற்காலியில் ஏறி நின்றிருந்தார்கள். அண்ணன் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கையைச் சுழற்றி ஜல்தி, ஜல்தி என்றார்.

"காட்டுல சிங்கம் புடிக்கிறப்ப பாடுற பாட்டாம். எல்லாரையும் விசில் அடிக்கச் சொல்றாரு," என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். இந்தச் சத்தம் எதற்கு என்று புரியாத பார்வை. ஆனாலும் வாசிக்க ஆரம்பித்தீர்கள். இரண்டு பேர் மேடையேறி உங்கள் முன்னால் மாரில் குத்திக்கொண்டு குதித்தார்கள். ஒருவன் உங்கள் கையில் விரலைத் தேய்த்து, விரலைக் கூட்டத்துக்குக் காட்டி, முகர்ந்து பார்த்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன் சார். மேடையில் இருக்கும்போது கூட்டம் சிரித்தால் சிரிக்கப் பழகிய வாய் இது. நீங்கள் ஒரு அடி கூடக் குறைக்காமல் பாட்டை முடித்து, குனிந்து வணங்கிவிட்டுத்தான் இறங்கினீர்கள்.

அதற்குப் பிறகு அந்த வரி எங்கள் நிகழ்ச்சியில் ஒட்டிக்கொண்டது. திண்டிவனம், விழுப்புரம், பிரம்மதேசம் பக்கத்துக் கிராமங்கள் என்று போன இடமெல்லாம் அதையே கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் என் காதில் உங்கள் மனைவியைப் பற்றிச் சொல்வீர்கள். நான் மைக்கில் சிங்கத்தைப் பற்றிச் சொல்வேன்.

விடுதியில் அறைகளைக் கூட்டிப் பெருக்கும் தனம் அக்காவிடம் நீங்கள் தமிழ் கற்றுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் வரும்போது, காடு என்றால் என்ன என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டீர்கள். ஒரு இடம் என்று மழுப்பினேன். ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லையின் நிலக்கடலைச் செடிகளைப் பார்த்தபடி இருந்தீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, தனம் அக்காவின் பேச்சு அப்படியே உங்கள் கிசுகிசுப்பில் வந்தது.

"எங்க ஊர்ல காடு கெடையாது, சிஸ்டர். கடலுதான்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீங்கள் கேட்கிற மாதிரி இல்லை. இனிமேல் வர மாட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். அதுதான் எனக்கு அப்போது முக்கியமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரு பெரிய இடத்துக் கல்யாணம் இருந்தது. வருவேன் என்றீர்கள். வாசிப்பதை விட்டால் மிச்சம் இருப்பது மருத்துவமனை ஒன்றுதான் என்றீர்கள். "நீங்கள் சொல்வதை நீங்கள் சொல்லுங்கள். நான் வாசிப்பதை நான் வாசிக்கிறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நேரம் கேட்கிற குரலில் சொன்னீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமையும் நான் அதையேதான் சொன்னேன். இப்போது உங்களுக்கு அர்த்தம் தெரியும் என்று தெரிந்தே சொன்னேன். அன்றைக்கு மட்டும் நீங்கள் என் காதருகே குனியவில்லை.

ஐப்பசி மழையில் நோய் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. மருத்துவமனைக்கு உங்களைப் பார்க்க வந்தபோது, சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். உங்கள் கிசுகிசுப்பும் போயிருந்தது. கட்டிலில் ஒரு நோட்டு இருந்தது. அதில், அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று எழுதிக் காட்டினீர்கள். வெள்ளிக்கிழமை, விழுப்புரத்தில் என்றேன். வந்துவிடுவேன் என்று எழுதினீர்கள். சாத்துக்குடிப் பையை மேஜையில் வைத்துவிட்டு, ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் கிளம்பினேன். அந்த நிகழ்ச்சிக்கு அண்ணன் ஏற்கெனவே வேறு ஏற்பாடு செய்திருந்தார் என்பதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தனம் அக்கா போன் செய்தார். "உங்க சாரு பூட்டாரும்மா. யாருமே பக்கத்துல இல்ல," என்றார். மாலையில் பாபு, கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, உங்கள் உடையைக் கட்டிக்கொண்டு மேடையேறினான். நிகழ்ச்சியை ரத்து செய்யலாம் என்று நான் அண்ணனிடம் சொல்லவே இல்லை. மைக்கைப் பிடித்து, காடு, சிங்கம், விசில் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் மகள் வந்து உடலைக் கொண்டுபோனாள். நான் முகம் காட்டவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள். உங்கள் நோட்டிலிருந்து என் எண்ணை எடுத்திருந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும் என்றாள். அப்பா கடைசி மாதங்களில் அங்கே மேடையேறினார் என்று எழுதியிருந்தார். அந்த ஜனங்களுக்கு அவர் யார் என்று தெரியுமா? அவர் வாசித்ததைக் கேட்டார்களா?

எல்லாருக்கும் தெரியும் என்றேன். ஒவ்வொரு மேடையிலும் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்போம், அவர் மனைவிக்கு எழுதிய பாட்டை மண்டபமே அமைதியாகக் கேட்கும் என்றேன். இத்தனை நாள் நீங்கள் என் காதில் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

உங்கள் ஊரில் இறுதிச் சடங்குக்கு, இறந்தவரின் வாழ்க்கையை எழுதிப் புத்தகம் அச்சடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை மாதம் கழித்து நடந்த சடங்கின் வீடியோவை அனுப்பினாள். தெருவெல்லாம் கறுப்பும் சிவப்பும் உடுத்திய ஜனம். கூரை மேல், மரத்தின் மேல், மீன்பிடிப் படகுகளின் மேல் எல்லாம் ஆட்கள். அவள் மைக்கில் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறாள். இந்தியாவில் விழுப்புரம், திண்டிவனம் என்ற ஊர்களில் என் தந்தையைக் கொண்டாடினார்கள் என்று படிக்கிறாள். ஊர்ப் பெயர்களை உச்சரிக்கச் சிரமப்படுகிறாள். பிறகு என் பெயர். "ஒவ்வொரு மேடையிலும் என் தந்தையைத் தன் மொழியில் தன் மக்களுக்கு அறிமுகம் செய்த சகோதரி." அத்தனை பேரும் கை தட்டுகிறார்கள் சார், எனக்கு.

அண்ணனிடம் அதைக் காட்டினேன். நல்லதுதானே, பேஜாரு இல்லாம முடிஞ்சது என்றார். அவருக்கு அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் முடியவில்லை. வருட நினைவு நாள் வருகிறது. உங்கள் கடைசி வாசிப்புகளை ஒன்றாகச் சேர்த்து வெளியிட வேண்டும் என்கிறாள் உங்கள் மகள். நான் அறிமுகம் செய்த பேச்சும் அதில் இருக்க வேண்டுமாம். தமிழ் தெரிந்த ஒருவரை அங்கேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், மொழிபெயர்க்க. எப்போது அனுப்புவீர்கள், சிஸ்டர் என்று உங்களைப் போலவே கேட்கிறாள். ஆறு நிகழ்ச்சிகளின் பதிவு என் போனில் இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் அவை இல்லை. அவற்றில் எதிலும் நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் காத்திருப்பதில்லை. என் பேச்சுக்கு அடியிலேயே உங்கள் கட்டைவிரல் ஆரம்பித்துவிடும். வெட்டி எடுக்க முடியுமா என்று ஸ்டூடியோவில் கேட்டுப் பார்த்தேன். முடியாது மேடம், உங்கள் குரலை எடுத்தால் கிடாரும் போய்விடும் என்றார்கள்.