ஐந்தரை மைலில் நிற்கும் வண்டி

24-10-1969, வெள்ளி

மழை விட்டிருந்தது. தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். அதைச் சுருட்டி எடுக்கும்வரை என் மைனர் காரை வெளியே கொண்டுவர வழியில்லை. ஆயுத பூஜைக்குப் பிறகு கொட்டகையிலேயே நிற்கிறது. இன்ஜினை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டேன். சத்தம் சீராக இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

மதியம் தென்னேரியிலிருந்து கண்ணாயிரம் சைக்கிளில் வந்தான். என் மனைவி லோகாம்பாளின் அக்கா மகன். அக்கா தில்லையம்மாளுக்குக் காய்ச்சல் போய்விட்டதாம், ஆனால் பத்து நாளாக இரண்டு கரண்டிக் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. சாப்பிட்டால் பிழைப்பாள் என்கிறாராம் டாக்டர்.

"சின்னம்மாவ ஒரு தபா கண்ணால பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்குது, சித்தப்பா."

சென்ற வருடம் இடுப்பு எலும்பு முறிந்து கூடியதிலிருந்து லோகாம்பாளால் பஸ் படி ஏற முடியாது. மாட்டு வண்டிக் குலுக்கல் கூடவே கூடாது என்று உத்தரவு. மைனர் ஒன்றுதான் வழி. யோசித்துச் சொல்கிறேன் என்று நான் வாயெடுப்பதற்குள், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

26-10-1969, ஞாயிறு

போய்ச் சேரவில்லை.

ஐந்தரை மைல் ஒழுங்காக ஓடியது. அய்யம்பேட்டைக்குச் சற்று முன்னால் இரண்டு முறை விக்கியது, நின்றது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் முள்ளை நான் நம்புவதில்லை; டாங்கி மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். நிறைய இருந்தது. இருபது நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிற்று.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. கிளம்பிய வண்டியை நான் தென்னேரிப் பக்கம் ஓட்டவில்லை. வீட்டுப் பக்கம் திருப்பினேன். இன்னும் எட்டரை மைல். நடுவில் நின்றால் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்ற பயம். லோகாம்பாள் "சரி" என்று மட்டும் சொன்னாள். மடியில் அக்காவுக்குச் செய்த ரசப் பொடி டப்பா.

திரும்பும்போது ஊருக்குள் நுழைகிற இடத்தில் மறுபடி நின்றது. மறுபடி குச்சி, பிளக்கு, காத்திருப்பு. மறுபடி கிளம்பியது.

27-10-1969, திங்கள்

மெக்கானிக் வீராசாமி வந்தான். காமாட்சியம்மன் கோவிலைச் சுற்றி, ஏகாம்பரநாதர் கோவிலைச் சுற்றி, நாலு மைல் ஓட்டிக் காட்டினான். எங்கும் நிற்கவில்லை. பிளாட்டின பாயின்ட்டை உரசிச் சுத்தம் செய்துவிட்டுச் சொன்னான்:

"வண்டி ராஜா மாதிரி கீது சார். நீங்க பயந்துக்கினு ஓட்டறீங்க. அது உங்களப் பாத்து பயப்படுது."

சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன்.

28-10-1969, செவ்வாய்

நாள் முழுக்க மழை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி அடுப்பங்கரையில் உலர வைத்தேன். இதுவாக இருக்கலாம்.

29-10-1969, புதன்

இதுவல்ல. தனியாகவே போய்ப் பார்த்தேன். உலர்ந்த மூடி, சுத்தமான பாயின்ட், புதுப் பிளக்கு. ஐந்தரை மைல். நின்றது. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் 'காயில்' தொட முடியாத சூடு. ஈரத்துணி சுற்றினேன், குச்சி விட்டுப் பெட்ரோல் பார்த்தேன், இருபது நிமிடம் நின்றேன். கிளம்பியது. அப்படியானால் காயில் சூடாவதுதான் காரணமா?

இல்லை, நான்தான் ஏதாவது பண்றேனா? கால் எங்கேயாவது தப்பா அழுத்துதா? பதினொரு வருஷமா ஓட்டறவனுக்கு இப்ப எப்படி மறந்துபோகும்? அறுபத்தொன்பது வயசாச்சு, மறக்கறது தெரியாமத்தான் மறக்கும். வீராசாமி சொன்னது தமாஷ் இல்லையோ என்னவோ.

30-10-1969, வியாழன்

கண்ணாயிரம் ஆள் அனுப்பியிருந்தான். தெருவில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் தில்லையம்மாள் தலையைத் தூக்கிப் பார்க்கிறாளாம். நேற்று ஒரு கரண்டிதான்.

மாலையில் தோட்டத்துப் பக்கம் போனேன். லோகாம்பாள் துவைக்கிற கல்லின்மேல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கால் ஏறுகிறது, இடது கால் வர மறுக்கிறது. என்ன செய்கிறாய் என்றேன்.

"பஸ் படி இந்த ஒசரம்தான இருக்கும்?"

பிடித்து இறக்கினேன்.

31-10-1969, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்குத் தனியாகக் கிளம்பினேன். அதே ஐந்தரை மைல், அதே விக்கல். காயில் ஆறட்டும் என்று காத்திருந்தேன். இருபது நிமிடம், கிளம்பவில்லை. நாற்பது நிமிடம். காயில் சில்லென்று இருந்தது. கிளம்பவேயில்லை.

ஆக, சூடு இல்லை. இதற்கு முன் கிளம்பிய ஒவ்வொரு முறையும் செய்ததில் இன்று எதைச் செய்யவில்லை? பிளக்கு துடைத்தேன், ஒயர் பார்த்தேன். மூங்கில் குச்சியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதனால் டாங்கி மூடியைத் திறக்கவில்லை.

போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. வெகு நேரம் போனது. முன்பும் போயிருக்கும், லாரிச் சத்தத்திலும் என் பதற்றத்திலும் காதில் விழவில்லை. சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம், ஓடுபோல் காய்ந்திருந்தது. ஆயுத பூஜையன்று நான் வைத்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை. பெட்ரோல் இறங்க இறங்க வெளிக்காற்று உள்ளே போகும் வழி அதுதான். அதை அடைத்துவிட்டால் டாங்கி பெட்ரோலைக் கீழே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்றுக்கு இன்னொன்று வேண்டும் என்று முப்பத்தோரு வருடம் வகுப்பில் டின்னை வைத்துக் காட்டியவன் நான். சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

வேல முள் ஒன்றை ஒடித்துத் துளையைச் சுத்தம் செய்தேன். வாலாஜாபாத் வரை ஓட்டினேன். நிற்கவில்லை. திரும்பி வீடு வரை. நிற்கவில்லை. மறக்கவில்லை நான். கால் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறது.

லோகாம்பாளிடம் சொல்லத் தயங்கினேன். பூஜையன்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வண்டிக்கு வாய் அதுதானே, அங்கேயும் வைங்க என்று சொன்னது அவள். அக்காவைப் பார்க்க முடியாமல் போனதற்குத் தானே காரணம் என்று வருந்துவாளோ என்று. சொன்னேன். உடனே கேட்டாள்:

"பொட்டு வைங்கன்னேன். வாய அடைங்கன்னா சொன்னேன்?"

பிறகு சிரிக்க ஆரம்பித்து, இடுப்பு வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு, அப்படியும் நிறுத்தவில்லை.

1-11-1969, சனி

வீராசாமியிடம் சொன்னேன். "சந்தனத்துக்கு எங்கிட்ட ஸ்பேனர் இல்ல சார்" என்றான்.

2-11-1969, ஞாயிறு

அய்யம்பேட்டை நெருங்கும்போது நான் வேகத்தைக் குறைத்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. "ஓட்டுங்க" என்றாள் லோகாம்பாள், ரோட்டைப் பார்த்தபடி. ஓட்டினேன். ஊர் தாண்டியது, வாலாஜாபாத் தாண்டியது. தென்னேரி ஏரியில் தண்ணீர் கரை முட்ட நின்றது.

தில்லையம்மாள் பாயோடு பாயாகக் கிடந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கினாள்.

"போன வாரம் வரேன்னவ இன்னிக்கு வரியேடி. அந்த மனுசன் மாட்ட கட்டி இழுத்துக்கினு வந்தாரா?"

லோகாம்பாள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். சந்தனக் கதையை ஒரு கரண்டிக்கு ஒரு வரியாகச் சொன்னாள். அக்கா வாயை மூடியபோதெல்லாம் கதையை நிறுத்தினாள். ஆறு கரண்டி. நான் எண்ணினேன்.

அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பதினாலு மைல், தனியாக. வழியில் எங்கேயும் இறங்கவில்லை.

5-11-1969, புதன்

கண்ணாயிரத்தின் கார்டு. அம்மா இட்லி கேட்டதாம்.

16-11-1969, ஞாயிறு

திருமுக்கூடலைப் பார்க்கவேண்டும் என்று தில்லையம்மாள் கேட்டாளாம். மூவரும் மைனரில் போனோம். பழைய சீவரத்தில், இந்தக் கரையிலேயே நிறுத்தினேன். பாலாற்றில் வெள்ளம், எதிர்க்கரையில் திருமுக்கூடல் கோவில். இருவராலும் இறங்கி நடக்க முடியாது. கதவைத் திறந்துவைத்து, பின் இருக்கையிலேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒரு மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பானெட்டைத் திறந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். பிறகு நினைத்ததே மறந்து, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருக்கிறேன். எனக்குப் பகல் தூக்கமே கிடையாது. கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பசித்தது. என் பங்குப் புளிச்சோறு எங்கே என்றேன்.

"எழுப்ப மனசு வரல" என்றாள் லோகாம்பாள். தில்லையம்மாள் இலையை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.