மல்லிக்கு நல்ல தண்ணீர்

ஜனவரி 6
கார்த்திகையில் கவாத்து செய்த மல்லி இன்னும் துளிர்விடவில்லை. இருக்கிற இலையும் ஊதா நிறமாகி நிற்கிறது. மே மாதம் பேத்தி கிரேஸுக்குக் கல்யாணம். "உன் பூவ வெச்சாதான் மேடை ஏறுவேன் ஆயா" என்கிறாள்.

ஜனவரி 8
மருமகள் சுகாசினி, வேலை செய்கிற உரக்கடையிலிருந்து மணிச்சத்துப் பொடி கொண்டுவந்தாள். பாஸ்பரஸ்தானாம் அது, குறைந்தால் இலை ஊதாவாகுமாம். தண்ணீரில் கரைகிற வகை. டிரம்மில் போர் தண்ணீர் பிடித்துக் கரைத்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. மாவு கலந்து விக்கிறான் பாவி! அந்தக் கடைக்காரன் மூஞ்சியை மறக்க மாட்டேன்.

ஜனவரி 9
கடைக்காரன் மேல் தப்பில்லை என்கிறாள் சுகாசினி. "நம்ம போர் தண்ணியில சுண்ணாம்பு அதிகம் அத்தை. சத்தைப் புடிச்சி கட்டியாக்கிடுச்சி. கரைஞ்சிருந்தாதான் வேர் குடிக்கும்."
நல்ல தண்ணீர் வேண்டுமாம். செவிலிமேட்டில் அது எங்கே இருக்கிறது என்று எனக்கா தெரியாது? பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் பொன்னியம்மாள் கிணற்றில்தான் எடுத்துப்போவார்கள்.
நான் போகமாட்டேன்.

ஜனவரி 11
கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கிணற்றுக்குக் குடத்தோடு போனேன். "எட்டி நில்லுடி, நான் சேந்தி ஊத்தறேன்" என்றாள் பொன்னியம்மாள். எங்கள் சாதிக் கை கயிற்றில் படக்கூடாது. பச்சைப் புடவை கட்டியிருந்தாள்.
"நான் போறேன் அத்தை" என்கிறாள் சுகாசினி. அவளையும் எட்டி நிற்கச் சொன்னால்? — வேண்டாம். நானே போகிறேன்.

ஜனவரி 20
போனேன்.
"வா அன்னம்மா. தேவி, ஆயாவுக்கு சேந்தி ஊத்தும்மா" என்று தன் மருமகளைக் கூப்பிட்டாள்.
"வேணாம். நானே சேந்திக்கிறேன்."
கயிறு பொன்னியம்மாள் கையில் இருந்தது. அப்படியே நின்றாள். நானும் நின்றேன். செடி செத்தாலும் சரி, அவர்கள் ஊற்றினால் வெறுங்குடத்தோடு திரும்புவது என்றிருந்தேன்.
கயிற்றை நீட்டினாள். "தோள் புடிச்சிக்கும், மெதுவா இழு."
இழுத்தேன்.

ஜனவரி 21
கரைத்தது தெளிவாக நிற்கிறது. வேரடியிலேயே ஊற்றச் சொல்கிறாள் சுகாசினி. "மணிச்சத்து விழுந்த எடத்துலயே குந்திக்கும் அத்தை. வேருதான் அதுகிட்ட போவணும்."
வேரும் என்னை மாதிரிதானா, நடக்கணுமா?

பிப்ரவரி 16
துளிர். இலையில் ஊதா இல்லை.

ஏப்ரல் 19
மொட்டு!

மே 12
கிரேஸ் தலை நிறைய என் மல்லி. பொன்னியம்மாளும் வந்தாள். பந்தியில் உட்கார்ந்து எங்கள் சோற்றைச் சாப்பிட்டாள். நடுவில் விக்கல் எடுத்தது, தண்ணீர் கேட்டாள்.
நான் எதையும் மறக்கவில்லை.
எட்ட நின்று ஊற்றவில்லை. சொம்பை அவள் கையில் கொடுத்தேன்.