அனுமதி கேட்ட உலகக் கோப்பை

மே 5, செவ்வாய்.

அரங்கேற்றச் சட்டைக்கு அளவெடுக்கும்போதுதான் கண்டேன். மகள் ஆரணியின் மேல்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. பஸ் கம்பியில் இடிபட்டது என்றாள். தையல்கார அன்ரி எதுவும் கேட்கவில்லை.

மாலையில் நான் மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது, மகள் தானாகவே, ஆளை ஆள் மோதி விழுத்தி விளையாடும் ரக்பியில் பெண்கள் உலகக் கோப்பையின் கதையைத் தொடங்கினாள்.

"ஸ்கூல் ப்ரொஜெக்டோ?"

"சும்மாதான் அம்மா."

முதலாவது போட்டி தொண்ணூற்றொன்றில் வேல்ஸில் நடந்ததாம். ரக்பியை நடத்தும் பெரிய சபை அதை ஏற்கவில்லையாம். பெண்கள் தாங்களே சேர்ந்து நடத்தினார்களாம். எங்கள் கனடாவும் போய் விளையாடியதாம்.

"அப்ப கேக்காமலே விளையாடினவையோ?"

"கேட்டவை. சபைக்காரர் ஓம் எண்டு சொல்லேல்லை. கனகாலத்துக்குப் பிறகு, அதுதான் முதல் வேர்ல்ட் கப் எண்டு அவையே ஒத்துக்கொண்டவை."

பனிக்காலத்தில், பள்ளி ரக்பி டீமில் சேரட்டோ என்று இவளும் கேட்டாள். அரங்கேற்றம் முடியட்டும் என்று சொல்லியிருந்தேன்.

அவள் குளிக்கப் போனதும் அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன்.

"அன்ரி, சட்டைக் கையை முழங்கை வரைக்கும் இறக்கி விடுங்கோ."

"நான் அப்பவே அப்பிடித்தான் அளவெடுத்தனான், பிள்ளை."