பதினொரு பாத்திரங்கள்

மே 14, ப்ளூமன்ஃபெல்ட்

அன்பு மகள் ஜொலீனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த நியூசிலாந்து மாடுகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பனி போய்விட்டது, சேறு மட்டும் போகவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் விதைப்பு முடியும்வரை டாக்டரிடம் போகமாட்டாராம், எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் நன்றாக இல்லை. ஒரு வாரமாக எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும், இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் மாலைக்குள் எல்லார் வீட்டு மேசைக்கும் போய்விடும், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நம் சபை நிவாரணக் கடையில் எனக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பின்கட்டில், ஊரார் தர்மமாகப் போடுகிற பழைய சாமான்களை விற்பனைக்குத் தரம் பிரிக்கிற வேலை என்று உனக்குத் தெரியும். வசந்த காலம் வந்தால் ஊரே வீட்டைக் கழுவி அந்தக் கழிசடையை நம் தலையில் கொட்டுகிறது. போன செவ்வாய் முதல் பையைப் பிரித்தேன், குழந்தையின் ஈர டயப்பர். இரண்டாவதில் ஒரு வாணலி, போன வருஷத்து முட்டை அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதில் ஆண்கள் ஜட்டி பன்னிரண்டு, துவைக்காதது, மேலே ஒரு சீட்டு, ‘ஏழைகளுக்கு, கிறிஸ்துவின் அன்புடன்’ என்று. ஏழைக்கு என்ன, மூக்கு கிடையாதா. கடைப் பொறுப்பாளர் எல்வீரா பென்னர் அதையும் தூக்கிப் போட விடமாட்டாள். “குடுத்த மனசப் பாரு யுஸ்தீனா, துவைச்சா சரியாப் போகும்” என்கிறாள். துவைப்பது அவளா நானா. கையுறை போட்டும் மூன்று முறை கை கழுவினேன், அன்று மத்தியானம் ரொட்டி இறங்கவில்லை. ஆனால் ஜொலீன், இப்போது யோசித்தால் அந்த ஜட்டிகளே தேவலை என்று தோன்றுகிறது, அதற்குப் பிறகு நடந்ததைக் கேள்.

கடைசியாக ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிப் பதினொரு பாத்திரங்கள், சூப் சட்டி, கண்ணாடித் தட்டு, பன் வைக்கிற டப்பா எல்லாம். பளபள என்று இருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடியில் டேப் ஒட்டி என் பெயர். இன்னொன்றில் ஹில்டகார்ட் பெயர், இன்னொன்றில் எல்வீராவின் பெயர். நம் சபைப் பெண்கள் பதினொரு பேருடையது. எல்லாமே பிப்ரவரியில் கார்லா வீட்டுக்குப் போனவை. உன் கூடப் படித்த கார்லா ஹீபர்ட்தான், அவள் புருஷன் டெரல் பனியில் லாரி கவிழ்ந்து செத்தானே, அப்போது நாங்கள் மூன்று வாரம் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த பாத்திரங்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. பின்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, “பாருங்கடி இத, நம்ம சோத்தத் தின்னுட்டு நம்ம சட்டியவே தர்மத்துக்குப் போட்டிருக்கா மகராசி” என்று கத்தினது நான்தான். வேறு யாருமில்லை, உன் அம்மா. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

அப்புறம் கேட்கவா வேண்டும், எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். ஹில்டகார்ட் தன் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இது என் கல்யாணத்துக்கு வந்த தட்டு, நாப்பத்திரண்டு வருசம். படியேறி வந்து ஒரு வார்த்த சொல்லிக் குடுக்க அவளுக்குக் காலு வலிக்குதாக்கும்” என்றாள். “புருசன் போனதும் தலைக்கனமும் வந்திருச்சு” என்றாள் இன்னொருத்தி. சரி, அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவோம் என்றால் எல்வீரா விடவில்லை. பின்வாசல் வழியாக வந்தது கடைக்குச் சொந்தம், வேலை செய்கிறவர்கள் எதுவானாலும் ஒருநாள் முழுக்க அலமாரியில் இருந்த பிறகுதான் வாங்கலாம், அது சட்டமாம். “சட்டம்னா எனக்குந்தான், என் சட்டிக்கும் ரெண்டு டாலர் போட்டிருக்கேன்” என்றாள். அதோடு விட்டார்களா. கார்லாவுக்கு வருகிற வாரம் பித்தப்பை ஆபரேஷன், அவள் படுத்திருக்கும் பத்து நாளைக்கு அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் யார் யார் சாப்பாடு கொண்டுபோவது என்று சபைச் சமையலறையில் ஒரு பட்டியல் தொங்குகிறது. ஹில்டகார்ட் அன்று மாலையே போய்த் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள், மற்றவர்களும் அடித்தார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை என் முறை. நானும் அடித்தேன்.

வியாழக்கிழமை கடை திறந்ததும் நாங்கள் எல்லாரும் அலமாரி முன்னால், அவரவர் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். அந்தக் காட்சியை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஹில்டகார்ட் வாய் ஓயவில்லை. “இனி அவ வீட்டுக்கு ஏதாச்சும் கொண்டு போனா காகிதத் தட்டுலதான், அதையாவது விக்காம இருக்காளான்னு பாப்போம்” என்றாள். எல்லாரும் சிரித்தோம். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் பிள்ளைகள் சாமான் வரிசைப் பக்கம் கார்லா, சின்னவனுக்கு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொருத்தி கையிலும் இருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். பூட்ஸை எடுத்த இடத்திலேயே ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். “குத்தமுள்ள நெஞ்சு, அதான் நிக்கல” என்று ஹில்டகார்ட் தீர்ப்புச் சொன்னாள்.

இரவு சாப்பாட்டில் அப்பாவிடம் இந்தக் கதையை ரசித்து ரசித்துச் சொன்னேன். மனுஷன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். “எந்தப் பெட்டி, முட்டைப் படம் போட்ட பெட்டியா” என்றார். ஆமாம் என்றேன். “அத நாந்தான்டி கொண்டு போனேன். சபைச் சமையலறையைக் கழுவுறோம், கதவுகிட்ட இருக்கிற பெட்டியெல்லாம் கடைக்குன்னு சொன்னாங்க, வண்டியில ஏத்துனேன். அது மேஜை மேல இருந்துச்சு, கதவுகிட்டதானேன்னு அதையும் தூக்கிட்டேன்” என்றார். ஓடிப்போய் என் சட்டியைத் திருப்பிப் பார்த்தேன் ஜொலீன். நான் ஒட்டினது பழுப்பு டேப், எழுத்தெல்லாம் கழுவிக் கழுவி மங்கிப்போனது. இது புது வெள்ளை டேப். பென்சிலில் கோடு போட்டு, அதன்மேல் பேனாவால் ‘திருமதி யுஸ்தீனா டிக்’ என்று குழந்தைக் கையெழுத்து, கார்லாவின் மூத்த பெண்ணுடையதாக இருக்கும். வேண்டாம் என்று தூக்கிப் போடுகிறவள் பெயர் அழிந்துவிட்டதே என்று புதிதாக எழுதி ஒட்டுவாளா. அவள் எங்களுக்காகத்தான் சபைச் சமையலறை மேஜையில் வைத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் பெயரைச் செவ்வாய்க்கிழமையே இந்தக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் கத்தினேன்.

ஏன் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்று நீ கேட்கமாட்டாய், நீ இங்கே வளர்ந்தவள். சாப்பாடு வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை, ஒரு ஜாம் பாட்டிலாவது நாலு பன்னாவது உள்ளே இருக்க வேண்டும். பதினொரு பாத்திரத்தை நிரப்ப அந்தப் பெண் எங்கே போவாள், காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை, மத்தியானம் கோழிப்பண்ணை வேலை, வயிற்றில் கல் வேறு. வெட்கப்பட்டுத்தான் யாரும் இல்லாத நேரத்தில் அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஹில்டகார்டுக்கு உடனே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “சரி, இருக்கட்டும். ஆனாலும் நேர்ல வந்து குடுத்திருக்கலாம்ல” என்கிறாள். போனை வைத்துவிட்டேன். நாற்பது வருஷமாகச் சபையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறேன், இனி அந்த வாயைப் பார்த்தாலே எனக்கு அந்த வாணலிதான் ஞாபகம் வரும். ஆனால் அவளைச் சொல்லி என்ன, ஆரம்பித்து வைத்தது என் வாய்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில், ஆபரேஷன் வரை காத்திராமல், கோஸ் சூப் வைத்து, அதே சட்டியில் ஊற்றிக்கொண்டு போனேன். கார்லா வலைக்கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. அப்பா பெட்டியைத் தவறிக் கொண்டுபோனதைச் சொன்னேன், கத்தினது நான்தான் என்றும் சொன்னேன், மன்னித்துவிடு என்றேன். “பரவால்ல அத்தை, தெரியாமத்தானே” என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. “ஒரு நிமிசம் நில்லுங்க” என்று சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் இருந்தபடியே பார்த்தேன். சூப்பைத் தன் பாத்திரத்தில் ஊற்றினாள், என் சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், துணியால் துடைத்தாள், வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்தாள். அந்தப் பெயர் டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். கொண்டுவந்து என் கையில் கொடுத்து, “சூப்புக்கு ரொம்ப நன்றி அத்தை. இனிமே யாரோட பாத்திரமும் வீட்டுல வச்சுக்கறதில்லைன்னு இருக்கேன்” என்றாள். காலிச் சட்டியோடு தெரு முழுக்க நடந்து வந்தேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என் கையில் காலிப் பாத்திரத்தைக் கொடுத்ததில்லை.

பட்டியலில் என் பெயரைத் திரும்ப எழுதிவிட்டேன், மற்றவர்கள் அடித்த எல்லா நாளுக்கும் சேர்த்து. அவள் ஒவ்வொரு நாளும் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தாலும் நிற்பேன். நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே, எனக்காக எழுதுகிறாய் என்று தெரிந்தால் அதையும் கழுவித் துடைத்துத் திருப்பிவிடுவாள். கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடட்டும். கடவுள் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக, உன் நாக்கையும் சேர்த்துக் காப்பாராக, அது என்னிடமிருந்து வந்த நாக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
யுஸ்தீனா