சதுரம் சதுரமாய் அப்பா

சனிக்கிழமை, ஆகஸ்ட் 16

இன்று மகள் அபிஷாவின் பள்ளியில் ஓவியக் கண்காட்சி. அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கருங்கல் ஊரில் இருக்கும் பள்ளிக்குப் போனேன். மூன்று வருடம் கழித்து இந்த வாரம்தான் அவர் துபாயிலிருந்து வந்தார். இன்று காலைவரை அவள் அவர் பக்கத்தில் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றே பார்த்தாள்.

டீச்சர் பெரிய ஓவியர்களின் படங்களைக் காட்டி, பிள்ளைகளை அதேபோல வரையச் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளை வெறும் புள்ளிகளாலேயே கடலை வரைந்திருந்தது. இன்னொன்று வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டி மீன் செய்திருந்தது. அபிஷா வரைந்தது ஒரு முகம். சதுரம் சதுரமாக உடைந்து, ஒரு கண் நெற்றியிலும் ஒரு கண் கன்னத்திலும் இருந்தது. கீழே ‘அப்பா’ என்று எழுதியிருந்தாள்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. “அப்பாக்க மூஞ்சிய ஏன் மக்கா இப்பிடி உடச்சு வச்சிருக்க?”

“வீடியோ கால்ல நெட்டு நிக்கும்ப நீங்க இப்பிடித்தானே இருப்பிய.”

அவர் அங்கே கிடந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இப்ப நெட்டு நிக்காது. இன்னொண்ணு வரைவியா?”

அவள் பென்சிலோடு எதிரே உட்கார்ந்தாள். மூக்கு சரியாக வரவில்லை போல. எழுந்து வந்து அவர் மூக்கை விரலால் தடவிப் பார்த்தாள். அவர் மூச்சுகூட விடவில்லை.

லீவு எப்போது முடிகிறது என்று அவரிடம் கேட்க நினைத்திருந்தேன். இன்று வேண்டாம். இரண்டு பேரும் ஒரே பாயில் தூங்குகிறார்கள். அவள் கால் அவர் வயிற்றின்மேல் கிடக்கிறது.