வரைபடத்தில் இல்லாத கிணறு

திண்டுக்கல்,
24.02.2026, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரீனா அக்காவுக்கு,

பேகம்பூர் ருக்சானா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை முதலில் போகிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். என்னைப் பற்றிக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் எவள் பேனா எடுத்துக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் ஆறு தடவை அடித்தேன், ஆறு தடவையும் அழித்தேன். தாளில் எழுதினால் அழிக்க முடியாது. கொடைரோடு ஸ்டீபன்ராஜ் அண்ணன் லீவு முடிந்து நாளை மஸ்கட் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்கவும் முடியாது. உங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். டியூட்டி முடிந்து ரூமுக்குப் போய், உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் அப்பாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. கேட்டால் போட்டாச்சு, போட்டாச்சு என்கிறார், அட்டையைப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. குழாயில் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான். மோட்டாரைச் சரிசெய்தாயிற்று. இந்த வருடம் உங்கள் தவக்காலமும் எங்கள் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கியிருக்கின்றன. அதனால் போன ஞாயிறு நான் போனபோது அம்மா சோறு போட முடியாமல் தவித்துப்போனார். சாயங்காலம் நோன்பு திறக்க என்று ஒரு தூக்குவாளி நிறைய கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டார்.

அம்மா என் வீடியோ காலை எடுப்பதே இல்லை, என்மேல் என்ன கோபம் என்று கேட்டிருந்தீர்கள். கோபம் இல்லை அக்கா. போன் என்றாலே அம்மாவுக்கு ஆகவில்லை. நீங்கள் தங்கச்சி அடக்கத்துக்கு வந்து நாலாம் நாள் திரும்பிப் போனீர்களே, அன்றைக்கே தன் போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டார். அப்பாவின் போன் அடித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். ஷைனியின் முப்பதாம் நாள் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்யும்போது, பிள்ளைகளே, ஒரு படத்துக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கோவில் முழுக்கத் திரும்பி அம்மாவைப் பார்த்தது. அதற்குப் பிறகு அப்பா பூசைக்கு உள்ளே வருவதில்லை. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகிறார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷன்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு ருக்கு, அவ நெசமாவே செல்ஃபி எடுத்துக்கிட்டுத்தான் நின்னாளா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை அக்கா. அவள் செல்ஃபி எடுக்கவில்லை. பேப்பரில் வந்தது பொய். எங்கள் காலேஜ் டிபார்ட்மென்ட் சொன்னது பொய். எட்டு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்த நான் அந்தப் பொய்களுக்கெல்லாம் பெரிய பொய்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் சர்வே இன்ஜினியரிங்கில் சேர்ந்தபோது இருபத்தெட்டு பேரில் பெண்கள் இரண்டே பேர். எங்கள் அத்தாவின் பிரியாணிக் கடைக்கு வருகிறவர்கள், தாலுகா ஆபீசில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கவா இம்புட்டுப் படிப்பு என்று கேலி செய்வார்கள். ஷைனி விடமாட்டாள். உங்க வீட்டுப் பட்டாவுக்கு ஒருநாள் எங்ககிட்டதான் வருவீக என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவர்கள் இலையிலிருந்த முட்டையையும் எடுத்துக்கொள்வாள்.

போன ஜூனில் கேம்ப். வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் ஒரு தரிசு நிலம். எங்கள் படிப்பில் முதல் நாள் சொல்லித் தருவதே, கருவியைத் தொடும் முன் நிலத்தைக் காலால் சுற்றி வா என்பதுதான். மரம், வேலி, பாறை, கிணறு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வைத்து ஒரு கைப்படம் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அளவெடுப்பது. எங்கள் குழுவில் கைப்படம் போடும் வேலை என்னுடையது.

நான் சுற்றவில்லை அக்கா. வெயில் தாங்கவில்லை. அதே நிலத்துக்கு முந்தின வருடம் வந்த சீனியர்களின் படம் எல்லோர் போனிலும் இருந்தது. அதைப் பார்த்து வரைந்துவிட்டேன். அவர்களும் அதற்கு முந்தின வருடத்துப் படத்தைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தப் படங்களில் எல்லாம் நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அது எப்போதோ காற்றில் சாய்ந்துவிட்டது. சாய்ந்து கிடந்த அந்த மரத்தின் மேல் உட்கார்ந்துதான் நான் வரைந்தேன். என் படத்திலும் அது நிமிர்ந்து நிற்கிறது.

கிணறு எந்தப் படத்திலும் இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைக் கிணறு. சீமைக் கருவேல முள்ளுக்கு நடுவே தரையோடு தரையாக வாயைத் திறந்து கிடந்திருக்கிறது.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை நிலத்தில் தேடிக் குறிக்கும் வேலை. ஒருத்தர் கருவியில் கண்ணை வைத்திருப்பார். இன்னொருத்தர் எண்கள் எழுதிய உயரமான அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பார். வேண்டிய எண் கருவியில் தெரியும்வரை கையைக் காட்டி அவரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அளவுகோலைப் பிடித்தவர் திரும்பிப் பார்க்க முடியாது. கண் முழுக்கக் கருவிக்காரியின் கைமேல்தான் இருக்கும். கருவியில் நான். அளவுகோலோடு ஷைனி. என் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டவன் ரொனால்டு.

போகும் முன் அவள் என்னிடம் கேட்டாள். பின்னாடி முள்ளா கெடக்கே ருக்கு, ஒண்ணும் இல்லைல்ல என்றாள். நான் கையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, ஒண்ணும் இல்லடி, வெறும் பொட்டல்தான் என்றேன். நிலத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

வேண்டிய எண்ணுக்கு ஐந்து சென்டிமீட்டர் போதவில்லை. கையைத் தூக்கி, பின்னால் போ என்று காட்டினேன். இரண்டடி போனாள். இன்னும் என்று காட்டினேன்.

எங்கள் காலேஜில் இருந்தது பழைய கருவி அக்கா. அதில் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வானம் கீழே, மண் மேலே. ஷைனி தலைகீழாக நின்று அளவுகோலுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கையைக் காட்டினேன். அவள் மேலே போனாள். கருவிக்குள் அப்படித்தான் தெரிந்தது. எண்கள் எல்லாம் விறுவிறுவென்று மேலே ஓடின, அவள் முகமும் மேலே போய் மறைந்தது. ரொனால்டு கத்திக்கொண்டு ஓடுகிறான். நான் கண்ணை எடுக்காமல், இவள் என்ன விளையாட்டுக் காட்டுகிறாள் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். என் கை இன்னும் தூக்கினபடியே இருந்தது.

விழும்போது அவள் பையிலிருந்த போன் நழுவி விளிம்பில் கிடந்திருக்கிறது. ஓடி வந்த பக்கத்துக் காட்டுக்காரர்கள் முதலில் பார்த்தது அதைத்தான். செல்ஃபி எடுத்திருப்பா போல என்று யாரோ ஒருத்தர் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எங்கள் எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது. மேற்பார்வைக்கு ஆள் ஏன் இல்லை என்று டிபார்ட்மென்டை யாரும் கேட்கவில்லை. படத்தில் கிணறு ஏன் இல்லை என்று என்னை யாரும் கேட்கவில்லை. ரொனால்டு மட்டும் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னான். சொன்னா மட்டும் அவ திரும்பி வரப்போறாளா ருக்சானா, நம்ம டிகிரியும்தான் போகும், விட்டுரு என்றான். நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அவள் என்னை விடவில்லை. பேய் என்று நான் சொல்லவில்லை, அவள் பயமுறுத்தவும் இல்லை. இப்போது டிபார்ட்மென்டில் புதுக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் எல்லாம் நேராகவே தெரியும். ஆனாலும் நான் கண்ணை வைத்தால் அவள் தலைகீழாக நிற்கிறாள். போதுமா, இன்னும் வரவா என்று என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் அசைத்தால் அவள் நகர்ந்துவிடுவாள். அதனால் அசைக்காமல் நிற்கிறேன். போன செமஸ்டர் பிராக்டிகலில் அப்படியே நின்று பூஜ்யம் வாங்கினேன். பஸ்ஸை நிறுத்தக்கூட எனக்குக் கை தூக்க வரவில்லை.

இதைவிடக் கொடுமை உங்கள் வீட்டில் நடக்கிறது. அம்மா என்னை அவள் நாற்காலியில் உட்கார வைக்கிறார். அவள் சுடிதார்களை எனக்கு அளவு பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். நீயாச்சும் வந்து போறியே தாயி என்கிறார். அப்புறம் தட்டில் வெஞ்சனத்தை வைத்துக்கொண்டே அவளைத் திட்ட ஆரம்பிப்பார். போனு போனுன்னு கெடந்தா, அதுலயே போயிட்டா, எங்களை ஒரு நிமிசம் நெனச்சாளா அந்த எடுபட்ட கழுதை என்பார். நான் ஷைனியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, அவள் தட்டில், தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை அக்கா, முப்பது ஞாயிற்றுக்கிழமை.

ஜனவரியில் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கடையை என் தம்பி சதாமிடம் விட்டுவிட்டு என்னை ஸ்கூட்டரில் அங்கே அழைத்துப் போனார். அந்த நிலத்தை முதல் தடவையாகக் காலால் சுற்றினேன். கிணற்றை அளந்தேன். நாடாவின் மறுமுனையை அத்தா பிடித்துக்கொண்டார். வாய் இருபத்தோரு அடி. சரியான படம் ஒன்று வரைந்து, நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேற்று எங்கள் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். எட்டு மாசம் கழிச்சு எதுக்கும்மா இது என்று கேட்டார். நான் நகராமல் நின்றதால் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார். விசாரணை வரும். டிகிரி நிற்கலாம், போலீஸும் வரலாம். வரட்டும். வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்த வீட்டுல மொதல்ல சொன்னியா என்றார்.

சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அத்தாவோடு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்களிடம் சொல்லிவிட்டால் எனக்குப் பின்வாங்க வழி இருக்காது. நான் எழுதிக் கொடுத்ததன் நகலும் படமும் இதோடு இருக்கின்றன. மன்னிக்கச் சொல்லி எழுத எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் சட்டென்று மன்னித்துவிடாதீர்கள்.

ஒரே ஓர் உதவி மட்டும் கேட்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா போனில் கூப்பிடுங்கள். எடுக்கும்வரை கூப்பிடுங்கள். என்னை என்ன சொன்னாலும் சரி, அம்மாவிடம் நீங்களும் ஒரு தடவை சொல்லுங்கள்: ஷைனி வேலையில்தான் இருந்தாள், அவள் கண் ருக்குவின் கைமேல்தான் இருந்தது. இனிமேல் அவளைத் திட்ட வேண்டாம் அக்கா. திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கையை நம்ப வைத்த,
ருக்சானா