கல் பட்ட இன்ஜினுக்குக் கறுப்பு அடிச்சிட்டேன் மாமா

என் மாமாவுக்கு, நீ போய் நாளையோட ஒரு வருஷம் ஆவுற நேரத்துல அஞ்சலை எழுதறது.

அஞ்சாவது வரைக்கும் படிச்ச கை இது. எழுத்து கோணலாத்தான் வரும். உனக்குத்தான் எழுதறேன், ஆனா ஊரும் படிக்கட்டும்னு பஸ் நிக்கற இடத்து டீக்கடையில ஒட்டச் சொல்லப்போறேன். வாயால சொன்னா பாதியிலயே என் பேச்சை அமுக்கிடறாங்க.

சேதி இதுதான். உன் மோட்டார் சைக்கிளுக்கு நான் பெயிண்ட் அடிச்சிட்டேன். இன்ஜின்ல கல் பட்டு உதிர்ந்த இடம் எதுவும் இப்போ வெளியில தெரியாது. அதுக்குத்தான் எல்லாரும் என்மேல கோவமா இருக்காங்க.

மறியல் நடந்த அந்த வாரம், ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டுட்டு உக்காந்திருந்த ஜனங்களுக்கு நீ வண்டியில சோத்துக் குண்டானைக் கட்டி எடுத்துக்கினு போனே. படிப்புல, வேலையில நம்ம புள்ளைங்களுக்கும் இடம் ஒதுக்குன்னு கேட்டோம். கேட்டது தப்புன்னு இன்னிக்கும் நான் சொல்லல. எங்கிருந்தோ கல் வந்துது. இன்ஜின்ல ஏழெட்டு, உன் தலையில ஒண்ணு. எறிஞ்ச கை எதுன்னு இதுவரைக்கும் தெரியல. மூணாம் நாள் ஆஸ்பத்திரியிலருந்து உன்னைத் தூக்கிக்கினு வந்தோம். மறுநாள் வண்டியைத் தள்ளிக்கினு வந்து மாட்டுக்கொட்டாயில நிறுத்தினாங்க.

கருமாதி அன்னிக்கே உன் அண்ணன், என் பெரிய மாமா, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. "வண்டியை யாரும் தொடக்கூடாது. வருஷ நாளுக்கு ரோட்டு முனையில மேடை கட்டி, மாலை போட்டு நிறுத்தப்போறோம். கல் பட்ட காயம் அப்படியே இருக்கணும். வர்ற சனம் பாக்கணும்." எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன் மாமா. அழுதுகினு இருந்தவளுக்கு இன்னா தெரியும்?

அப்புறம் கரும்பு வெட்டுக்கு வந்துது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லுல வெட்டு உத்தரவு குடுத்தாத்தான் வெட்ட முடியும், போய்க் கேக்க நீ இல்ல. ரெண்டு பஸ் மாறி நான் போய்ட்டு வர்றதுன்னா பொழுது சாஞ்சிடும், மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்ல. பெரிய மாமாவை மூணு தரம் கேட்டேன். "போறேம்மா, போறேன்"னாரு. அவர் கரும்பு மில்லுக்குப் போய்ச் சேந்துது. நம்மளுது நின்ன இடத்துலயே பூ எடுத்து சக்கையாப் போச்சு. அவர் கெட்டவர் இல்ல, மறந்துட்டாரு. அடுத்தவங்க கொல்லை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அப்பத்தான் கொட்டாயிக்குப் போய் வண்டியை உத்துப் பார்த்தேன். பெயிண்ட் போன இடத்துல எல்லாம் சாரல் அடிச்சு துரு. விரலை வெச்சா செம்மண்ணு மாதிரி ஒட்டிக்கிச்சு. பொட்டு அளவுக்கு இருந்தது, பக்கத்து பெயிண்டுக்கு அடியில பூந்து அதையும் தூக்கிக்கினு இருந்துது. கல்லு ஒரு நாள்தான் அடிச்சுது, துரு தினமும் அடிக்குது. இதுக்கா மாலை போடப் போறாங்க?

ஒரு கூத்து பண்ணேன், சிரிக்காதே. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல அடிச்ச நீலப் பெயிண்ட் டப்பாவுல கொஞ்சம் மிச்சம் இருந்துது. தண்ணி படாம இருந்தா போதும்னு அதை எடுத்து துரு மேலயே பூசிட்டேன். நம்ம காளைக் கொம்பாட்டம் பளபளன்னு இருந்துது. கள்ளக்குறிச்சியிலருந்து மெக்கானிக் பாயை வரச் சொல்லி ஸ்டார்ட் பண்ண வெச்சேன். கொஞ்ச நேரம் ஓடினதும் பெயிண்ட் கொப்பளிச்சு, பொகைஞ்சு, தோல் தோலா உரிஞ்சுது.

பாய் மூக்கைப் பொத்திக்கினாரு. "இன்னாம்மா அடிச்சே இதுல?"

"கொம்பு பெயிண்டு பாய்."

"மோட்டாருக்கும் பொங்கல் வெச்சிட்டியா? நல்லவேளை, கழுத்துல மணி கட்டாம வுட்டே."

அப்புறம் அவரே சொல்லிக் குடுத்தாரு. "சைலன்சருக்கு அடிக்கற, சூடு தாங்கற கறுப்பு வாங்கு. துரு பொட்டு அளவு இருந்தாலும் மேல அடிக்காதே, உள்ள இருந்துகினே தின்னும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பெயிண்ட் பிடிக்காது. மெலிசா அடி, காயவிட்டு திரும்ப அடி. கடைசியா இன்ஜின் நல்லா சூடாவணும், அப்பத்தான் இறுகும். கரியாலூர் மலை ஏத்தம் ஏறி எறங்கினா நின்னுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

நாலு நாள் தேச்சேன். கம்பி பிரஷ், உப்புத்தாள், பெட்ரோல் நனைச்ச துணி. தகடு தகடா இருக்கற சந்துல கை போவல. விளக்குமாத்துக் குச்சியில உப்புத்தாளைச் சுத்தி உள்ள விட்டேன். வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் விடல. பெரிய காயத்துக்கிட்ட வந்தப்போ மட்டும் கை நின்னுது. இந்தக் கல்லுக்கு அப்புறமா உன் தலையில பட்டுது, இல்ல அதுக்கு முன்னாடியா? வண்டியைத் திருப்பலாம்னு நெனச்சியா? நெனைக்க உனக்கு நேரம் இருந்துதா மாமா?

கறுப்பு அடிச்சு காயறதுக்குள்ள பெரிய மாமா வந்துட்டாரு.

"அடிப்பாவி, என் தம்பி பட்ட காயத்தை அழிச்சிட்டியே."

"அவர் பட்டது அவரோட போச்சு மாமா. இது இரும்பு பட்டது."

"வருஷ நாளுக்கு வர்ற சனத்துக்கு நான் எதைக் காட்டறது?"

"என் கொல்லையில காஞ்ச கரும்பைக் காட்டுங்க."

"பொம்பளை, இதை ஓட்டப் போறியா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கறவங்க எனக்கு வெட்டு உத்தரவு வாங்கியாருவாங்களா?"

அவர் கண்ணு கலங்கிட்டுது. உன்னைத் தூக்கி வளத்தவரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா நான் இறங்கிப் போவல.

நெல்லு அறுத்த காட்டுல வண்டி ஓட்டப் பழகினேன். உன் காக்கி பேண்டை சேலைக்கு உள்ள போட்டுக்கினேன். ரெண்டு தரம் விழுந்தேன், முட்டி பேந்துது. வரப்புல நின்ன பொம்பளைங்க "மாப்பிள்ளை எங்க கிளம்பிட்டாரு?"ன்னு கேலி பண்ணாங்க. "பொண்ணு பார்க்க"ன்னேன். அப்புறம் அவங்களே வந்து தூக்கி வுட்டாங்க.

போன வாரம் தனியா மலைக்குப் போனேன். வளைவுக்கு வளைவு இன்ஜின் முனகுச்சு. பாதியிலயே புது பெயிண்ட் வாடை வந்துது. கொம்பு பெயிண்ட் பட்ட கதிதான் இதுக்கும்னு பயந்துட்டேன். நிறுத்தல. கரியாலூர்ல போய் இறங்கி, ஆறுற வரைக்கும் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன். அப்புறம் நகத்தால சுரண்டிப் பார்த்தேன். வரல மாமா. இன்னும் அழுத்திச் சுரண்டினேன். நகம்தான் உடைஞ்சுது.

நாளைக்குக் காலையில மேளமும் மாலையுமா வருவாங்க. கதவு திறந்திருக்கும், உன் படம் கூடத்துல இருக்கும், வணங்கட்டும். நான் விடியறதுக்குள்ள படைச்சுட்டு, இந்த வருஷக் கரும்பைப் பதிய மில்லுக்குக் கிளம்பிடுவேன். வண்டி மில் கேட்டுக்கு முன்னாடி, ஆம்பளைங்க வண்டியோட வண்டியா நிக்கும்.

உனக்கு வாக்கு தர்றேன். எங்க பெயிண்ட் உதிர்ந்தாலும் அன்னிக்கே தேச்சு அடிச்சிடுவேன். நான் உசிரோட இருக்கற வரைக்கும் உன் வண்டி எந்த மேடையும் ஏறாது.

உன் அக்கா மவளும் உன் பொண்டாட்டியுமான
அஞ்சலை